சைக்கிளில் ஊர் எல்லை தாண்டும் முன்

சைக்கிளில் நெடும்பயணம் போக ஆசைப்பட்டுக் கடைக்கு வருபவர் முதலில் கேட்பது எத்தனை கியர், என்ன விலை என்பதைத்தான். அடுத்து, எந்தப் பை, எந்தக் கேரியர். லாரி ஒன்று உரசிவிட்டுப் போனால் யாரிடம் போய் நிற்பது, ரயிலில் ஏற்றிய சைக்கிள் வளைந்து வந்தால் யார் பொறுப்பு என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் வருவதே இல்லை. அடிபட்ட பிறகு விசாரிக்கும்போது கெடு முடிந்திருக்கும், அல்லது கையில் சீட்டு இருக்காது. சைக்கிள்காரருக்குச் சட்டம் கொடுத்திருக்கும் பாதுகாப்பு நாம் நினைப்பதைவிடக் கூடுதல். ஆனால் காகிதம் வைத்திருப்பவருக்கும் கெடுவுக்குள் கேட்பவருக்கும்தான் அது கைகொடுக்கும்.

முதலில் எளிய விஷயம். சைக்கிள் மோட்டார் வாகனம் அல்ல. ஓட்டுநர் உரிமம், பதிவு எண், இன்சூரன்ஸ் எதுவும் வேண்டியதில்லை. டோல்கேட்டில் பணம் கட்ட வேண்டாம். ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவும் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கானது. (போட்டுக்கொள்ளுங்கள், சட்டம் கேட்கவில்லை என்பதற்காக மண்டை கெட்டியாகிவிடாது.) வழக்கமான தேசிய நெடுஞ்சாலையில் சைக்கிளில் போவது உங்கள் உரிமை. ‘சைக்கிளை எல்லாம் ஹைவேயில் ஏன் கொண்டு வர்றீங்க’ என்று யாராவது அதட்டினால் அது அவருடைய எரிச்சல்தான், சட்டம் இல்லை.

விதிவிலக்கு உண்டு. நுழைவு கட்டுப்படுத்தப்பட்ட விரைவுச் சாலைகளில் சைக்கிளை விடமாட்டார்கள். பெங்களூரு – மைசூரு சாலையின் பிரதானப் பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ, டிராக்டர், சைக்கிள் எல்லாவற்றுக்கும் தடை. பக்கத்தில் இருக்கும் சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். புதியவர்கள் மாட்டிக்கொள்வது மேப்பில். கார் வழியைப் போட்டுக்கொண்டு மிதித்தால் அது நேராக இப்படிப்பட்ட சாலையில் கொண்டுபோய் ஏற்றிவிடும். நகரங்களில் சில மேம்பாலங்களிலும் தடைப் பலகை இருக்கும். பலகையைப் பார்த்தும் ஏறி, அங்கே விபத்து நடந்தால், பிறகு இழப்பீடு கேட்கும்போது ‘தடை இருந்தும் ஏன் போனீர்கள்’ என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் கேள்வியாக இருக்கும்.

ஆபத்து எங்கிருந்து வருகிறது

பின்னால் வரும் லாரிக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். நாலுவழிச் சாலையின் ஓரப் பட்டையில் போகிறவருக்கு முன்னால் இருந்து வரும் ஆபத்தும் அதற்குக் குறைந்ததல்ல. அடுத்த திருப்பம் வரை போகச் சோம்பல்பட்டு எதிர்த்திசையில் ஓரமாகவே வரும் பைக்குகள் ஒரு பக்கம். பின்விளக்கு எரியாமல் நிறுத்தி வைத்த லாரிகள் இன்னொரு பக்கம். எதிரே பைக் வந்தால் வலப்பக்கம் வெட்டிச் சாலைக்குள் இறங்காதீர்கள். வேகத்தைக் குறைத்து, இடது ஓரத்திலேயே நின்றுவிடுங்கள். வருகிறவர் சுற்றிக்கொண்டு போகட்டும்.

கிராமச் சாலைகளில் வேறு மாதிரி. அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். வண்டி ஏறாமலிருக்கச் சுற்றிலும் கருங்கல் வைத்திருப்பார்கள். விடிகாலை மங்கலில் அந்தக் கல் கண்ணுக்குத் தெரியாது. உளுந்துச் செடியைச் சாலையில் பரப்பி, போகிற வண்டிகளே மிதிக்கட்டும் என்று விட்டிருந்தால், அதன் கொடி செயினிலும் கியரிலும் சுற்றிக்கொள்ளும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே மேல். இவ்வளவு இருந்தாலும் என் ஓட்டு மாவட்டச் சாலைகளுக்குத்தான். வேகம் குறைவு, நிழல் உண்டு, ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடை.

காற்றைப் பற்றி யாரும் புதியவர்களுக்குச் சொல்வதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே கன்னியாகுமரிக்குப் போகும் வழியில், காற்று சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளும். பாலக்காட்டுக் கணவாயும் அப்படித்தான். பெரிய பைகளைத் தொங்கவிட்டிருந்தால் அவை பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும். பாம்பன் சாலைப் பாலத்தில் காற்றோடு, சாலையின் குறுக்கே ஓடும் இரும்பு இணைப்புகளும் சேர்ந்துகொள்ளும். மழையில் நனைந்த இரும்பில் டயர் வழுக்கும். அந்த இடத்தை நேராகக் கடக்க வேண்டும். அதன் மேல் பிரேக் பிடிக்கக் கூடாது.

நாய் துரத்தினால் வேகமெடுப்பதைவிட இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடப்பது பெரும்பாலும் பலன் தரும். கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அங்கே இலவசம். 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் போட வேண்டும். ஊசிச் சீட்டைக் காட்டி அடுத்த ஊசியை வழியில் வரும் இன்னொரு அரசு மருத்துவமனையில் போட்டுக்கொள்ளலாம். பயணத்தை முடித்துவிட்டு ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

அடிபட்டால்

மோட்டார் வாகனம் ஒன்று இடித்தால் சட்டத்தின் பார்வையில் நீங்கள் ‘மூன்றாம் நபர்’. இடித்த வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஆக, உங்களுக்கு இன்சூரன்ஸ் இல்லாவிட்டாலும், கேட்க வேண்டிய இடம் அந்த வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி. வண்டி நம்பரைப் படம் எடுங்கள். எடுக்க முடியாத நிலை என்றால் பக்கத்தில் இருப்பவரை எடுக்கச் சொல்லுங்கள். உதவ வருகிறவருக்கும் பாதுகாப்பு இருக்கிறது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 134-ஏ பிரிவின்படி, மருத்துவமனையில் சேர்த்தவரைப் பெயர் சொல்லவோ சாட்சியாக வரவோ யாரும் வற்புறுத்த முடியாது. இதைக் கூடி நிற்பவர்களிடம் சொன்னாலே பாதித் தயக்கம் போய்விடும்.

108-ஐ அழையுங்கள். போலீஸ் வந்தால்தான் பார்ப்போம் என்று மருத்துவமனை சொல்ல முடியாது. உயிர் காக்கும் சிகிச்சைக்குப் பிறகுதான் நடைமுறைகள் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த மாநிலத்துக்காரர் என்று பார்ப்பதில்லை. அரசு மருத்துவமனைகளோடு, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளும் இதில் உண்டு. மத்திய அரசின் 2025-ஆம் ஆண்டுத் திட்டம், மோட்டார் வாகன விபத்தில் அடிபட்டவருக்கு ஏழு நாள்கள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள் பணம் கட்டாத சிகிச்சை தருகிறது.

மருத்துவமனையில் மறக்காமல் வாங்க வேண்டியது ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல். ‘சைக்கிளில் போகும்போது கீழே விழுந்தார்’ என்று அதில் எழுதிவிட்டால், பிறகு லாரி இடித்தது என்று நிரூபிக்கப் பெரும்பாடு. எப்படி அடிபட்டது என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

சம்பவ இடத்தில் வழக்கமாக நடப்பது வேறு. காரிலிருந்து இறங்குகிறவர் ஆயிரமோ இரண்டாயிரமோ கையில் திணிப்பார். ‘சின்ன சிராய்ப்புதானே சார், ஸ்டேஷனுக்கு எல்லாம் எதுக்கு?’ அந்த நேரத்தில் உடம்பு சூட்டில் வலி தெரியாது. காறை எலும்பு விரிசல் விட்டிருப்பது மறுநாள் காலையில் கை தூக்கும்போதுதான் தெரியும். சைக்கிளில் இருந்து விழுகிறவர்களுக்கு அடிக்கடி முறிகிற எலும்பும் அதுதான். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். இழப்பீட்டுக் கணக்கே மாறிவிடும். காசை வாங்காதீர்கள்.

காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். பதிவாக வேண்டும். நெடும்பயணக்காரருக்குப் பெரிய உதவி, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். நீங்கள் விழுப்புரத்தில் அடிபட்டு, கடலூரில் கண் விழித்தாலும், கடலூரிலேயே புகார் எழுதிக் கொடுக்கலாம்.

அதன் பிறகு வழி இரண்டாகப் பிரிகிறது. இடித்த வண்டி தெரிந்தால், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். விபத்து நடந்த ஊரிலும் போடலாம், நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். சட்டம் சொல்லும் கெடு ஆறு மாதம். சிகிச்சைச் செலவு, வேலைக்குப் போகாத நாள்களின் வருமானம், நொறுங்கிய சைக்கிள் எல்லாம் கேட்கலாம், பில் வேண்டும். யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லாத 164-வது பிரிவும் இருக்கிறது: கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம், இறப்புக்கு ஐந்து லட்சம். அதை ஏற்றுக்கொண்டால் கூடுதலாகக் கேட்கும் வழி அடைபடும் என்பதால், கையெழுத்துக்கு முன் வழக்கறிஞரைக் கேளுங்கள். வசதி இல்லை என்றால் 15100-ஐ அழைத்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உதவியைக் கேட்கலாம்.

இடித்துவிட்டு ஓடிய வண்டி என்றால் தீர்ப்பாயம் இல்லை, வருவாய்த் துறை. விபத்து நடந்த பகுதியின் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் ஆணையிடுவார். 2022 ஏப்ரல் முதல் இறப்புக்கு இரண்டு லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். அதற்கு முன் 25,000-மும் 12,500-மும்தான். இப்படி ஒரு திட்டம் இருப்பது சைக்கிள்காரர்கள் பலருக்குத் தெரியாது. இழப்பு அவர்களுக்குத்தான்.

நீங்களாகவே சறுக்கி விழுந்தால் மேலே சொன்ன இழப்பீடு எதுவும் வராது. அதற்காகத்தான் வங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீடு: 18 முதல் 70 வயது வரை, இறப்புக்கோ முழு ஊனத்துக்கோ இரண்டு லட்சம். மருத்துவமனைச் செலவை அது தராது. பள்ளத்தில் விழுந்தால் பள்ளத்தை அளவோடு படம் எடுத்துப் புகார் செய்யுங்கள். தேசிய நெடுஞ்சாலைக்கு 1033, மாநிலச் சாலைக்கு ‘நம்ம சாலை’ செயலி.

ரயிலில் ஏற்றும்போது

போகும்போது மிதித்து, திரும்பும்போது ரயிலில் வருவதுதான் முதல் பயணத்துக்குச் சரியான திட்டம். பெட்டிக்குள் சைக்கிளை ஏற்ற விடமாட்டார்கள். டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிவு செய்தால் அதே ரயிலின் பார்சல் பெட்டியில் வரும். வண்டி கிளம்புவதற்கு அரை மணிக்கு முன்பாவது பதிவு முடிந்திருக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் இரண்டு மணி நேரம் முன்னதாகப் போவது நல்லது.

மதிப்பு எவ்வளவு என்று எழுதும் இடத்தை எல்லோரும் காலியாக விட்டுவிடுகிறார்கள். மதிப்பை அறிவித்து, அதற்கான கூடுதல் கட்டணத்தைக் கட்டாவிட்டால், லக்கேஜுக்கு ரயில்வேயின் பொறுப்பு கிலோவுக்கு 100 ரூபாய்தான். 14 கிலோ எடையுள்ள, 35,000 ரூபாய் சைக்கிள் காணாமல் போனால் கையில் வருவது 1,400 ரூபாய். மதிப்பை எழுதுங்கள், கட்டணத்தைக் கட்டுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கட்டும் விதமும் முக்கியம். பின்சக்கரத்தின் வலப்பக்கம் தொங்கும் கியர் பாகம்தான் முதலில் வளையும். ஏற்றும் முன் பெரிய பல்சக்கரத்துக்குக் கியரை மாற்றினால் அந்தப் பாகம் வெளியே துருத்தாமல் உள்ளே தள்ளி நிற்கும். அதன் மேல் அட்டையைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். பெடல்களைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் ஓடும், வழக்கமாகத் திருகும் பக்கம் திருகி அழுத்தாதீர்கள். இறக்கும்போது சேதம் தெரிந்தால் வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்துப் போடும் முன் திறந்து பார்த்துச் சேதத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். இழப்பீடு கேட்டு ரயில்வேக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க, ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதம் அவகாசம். அதன் பிறகு ரயில்வே கோரிக்கைத் தீர்ப்பாயம்.

திருட்டு, காடு, இரவு

சைக்கிளைத் தலைகீழாகப் புரட்டினால், பெடல் அச்சு ஓடும் குழாயின் அடியில் ஓர் எண் பொறித்திருக்கும். அதுதான் உங்கள் சைக்கிளுக்கு இருக்கும் ஒரே நம்பர் பிளேட். அதையும் பில்லையும் படம் எடுத்து வையுங்கள். திருட்டுப் புகாரில் ‘கறுப்பு நிற சைக்கிள்’ என்று எழுதிக் கொடுத்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. புதிய சைக்கிளின் ஃபிரேம் வெல்டிங்கில் விட்டுப்போய், கடைக்காரர் கையை விரித்தால் நுகர்வோர் உதவி எண் 1915. பேசித் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.

காப்புக்காட்டில் கூடாரம் அடிக்காதீர்கள், அது குற்றம். பந்திப்பூர் வழியாக இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை இருக்கிறது. திம்பம் மலைப்பாதையிலும் இரவுக் கட்டுப்பாடு உண்டு. சோதனைச் சாவடியில் பகலிலேயே சைக்கிளைத் திருப்பி அனுப்பினால் வாதாடாமல் ஒரு பிக்கப் வண்டியில் ஏற்றிக் காட்டைக் கடப்பதுதான் புத்தி. யானைக்கு நம் உரிமை தெரியாது.

முதல் பயணத்துக்கு என்னைக் கேட்டால் தைப் பொங்கலுக்குப் பிறகு, திருச்சியிலிருந்து கல்லணை, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு வழியாகத் தஞ்சாவூர். ஏற்றமே இல்லை, ஊருக்கு ஊர் பஞ்சர் கடை உண்டு, முடியவில்லை என்றால் பூதலூரில் ரயில் நிலையம் இருக்கிறது. பெட்ரோல் பங்கில் காற்றும் குடிதண்ணீரும் கழிப்பறையும் இலவசம். ஆனால் ஒல்லி வாய் வால்வு வைத்த டியூபுக்கு அங்கே காற்றுப் பிடிக்க முடியாது. அதற்கான பித்தளைத் திருகு ஒன்றைச் சைக்கிள் கடையில் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுத் தொலைபேசி எண், ரத்த வகை, ஒவ்வாமை ஆகிய மூன்றையும் காகிதத்தில் எழுதி ஹேண்டில்பார் பையில் வையுங்கள். பூட்டிய செல்போனை 108 ஊழியரால் திறக்க முடியாது.