மணிக்கூடு தர ஆளுண்டு, பற்றரி தர ஆளில்லை

அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்துவிட்டார்களா? சரி, செருப்பைக் கழற்றிவிட்டு இந்தப் பக்கமாக வாருங்கள். முன்வாசலால் வேண்டாம். மினாராவும் பளபளக்கும் டைல்ஸும் படம்பிடிக்க வருபவர்களுக்கு. ஏறாவூர் ஜும்ஆப் பள்ளிவாசல் ஒன்றின் பின்பக்கத்தில்தான் நமக்கு வேலை. களஞ்சிய அறையின் சாவி, பாங்கு சொல்லும் மோதினார் காக்காவின் இடுப்பில் இருக்கிறது. அவர் தேநீர் குடித்து முடிக்கும்வரை கொஞ்சம் பொறுங்கள்.

பொதுச்சொத்துப் பராமரிப்பு என்றால் கொழும்புக்காரருக்கு வெள்ளவத்தைத் தொடர்மாடிதான் ஞாபகம் வரும். அதற்கு 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. வீடு உங்களுடையது, படிக்கட்டும் லிப்டும் கூரையும் எல்லாருடையதும். அந்தப் பொதுப் பங்கை மட்டும் பிரித்து விற்க முடியாது. வீட்டுக்காரர் எல்லாரும் அங்கத்தவராக இருக்கும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் கட்டணம் வாங்கி அவற்றைப் பார்த்துக்கொள்ளும். பிறகு லிப்ட் நின்றுபோகும், கூட்டம் போடுவார்கள், கூட்டத்துக்கு ஆள் வராது. ஏறாவூரில் ஆளுக்கொரு வளவு, வளவுக்கொரு கிணறு. லிப்டுக்குச் சண்டை பிடிக்கும் பாக்கியம் எங்களுக்கு இல்லை. அந்தச் சண்டைகளையெல்லாம் பள்ளிவாசலில் வைத்துக்கொள்கிறோம்.

இதற்கும் சட்டம் உண்டு. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டப்படி பள்ளிவாசலைப் பதிய வேண்டும். நம்பிக்கையாளர்களை வக்பு சபை நியமிக்க வேண்டும். வக்பான, அதாவது அறத்துக்கென்று எழுதிவைத்த, காணியும் கடையும் யாருடைய பிள்ளைக்கும் சீதனமாகப் போகாது. சட்டம் வருமுன்பே கிழக்கில் தாய்வழிக் குடிமுறை இருந்தது. குடிக்கொரு மரைக்கார், அவர் பொறுப்பில் வசூல். "உங்கட குடி ஆக்கள் இன்னும் காசு தரல்ல" என்ற ஒரு வார்த்தை போதும், எந்த நோட்டீசும் தேவையில்லை.

ஆ, கதவு திறந்தாயிற்று!

முதலில் மூக்குக்கு: புகைபிடித்த கிடாரங்களின் வாசனை. நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற கிடாரங்கள் இவை. பச்சையரிசி, தேங்காய்ப்பால், இஞ்சி, உள்ளி, ரம்பை எல்லாம் வருடத்தில் ஒரு மாதம் இவற்றுக்குள் கொதிக்கும். மீதி மாதங்களில் இவை கல்யாண வீடுகளுக்குச் சுற்றுலா போகும். பக்கத்தில் சஹன்கள், பலர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய தட்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. சுவரில் தொங்கும் கொப்பியைப் பாருங்கள்: யார் கொண்டுபோனது, எத்தனை, எப்போது திரும்பியது. பெரிய அகப்பை ஒன்றுக்கு நேரே திரும்பிய திகதி மட்டும் வெறுமையாக இருக்கிறது. அது யார் வீட்டில் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். கேட்கத்தான் ஆளில்லை, கேட்டால் சம்பந்தி வழியில் பிரச்சினை.

இப்போது அந்த மூலை. சிரிக்காதீர்கள். மணிக்கூடுகள்! வட்டம், சதுரம், மினாரா வடிவம், தங்க நிற விளிம்பு. ஒவ்வொன்றிலும் "அன்பளிப்பு" என்று போட்டுக் கீழே ஒரு பெயர். எல்லாம் வெவ்வேறு நேரத்தில் நின்றுபோயிருக்கின்றன. மணிக்கூடு வாங்கித் தர ஊரில் ஆள் உண்டு. ஒரு சோடி பற்றரி கொண்டுவந்து "இதில் என் பெயரை எழுதுங்கள்" என்று யாரும் சொன்னதில்லை. கூட்டுச் சொத்தின் முழு ரகசியமும் இந்த மூலையில்தான் கிடக்கிறது என்பது என் கட்சி. வாங்குவதில் பெயர் இருக்கிறது, பராமரிப்பதில் இல்லை. ஃபேனின் இறக்கையில் பெயர் எழுதலாம். தண்ணீர் மோட்டருக்கு மறுபடி கொயில் கட்டியவர் எங்கே எழுதுவார்? மலசலகூடக் குழி இறைத்த செலவுக்குக் கல்வெட்டு வைத்தால் திறந்துவைக்க யார் வருவார்?

2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் அதற்கு மேல் 66 சதவீதமும் ஏறியபோதுதான் அன்பளிப்பு ஃபேன்களின் அருமை தெரிந்தது. அதற்குப் பிறகு பின்வரிசைக்கு யாரும் இல்லாவிட்டால் அந்தச் சுவிட்சில் மோதினார் காக்காவின் விரல் இருக்கும். ஊரில் அதிகம் ஏச்சு வாங்கும் விரல் அது.

தொழுகைக்கு முன் கைகால் கழுவும் தொட்டியான ஹவுழைப் பார்க்காமல் போகக்கூடாது. உள்ளே குட்டி மீன்கள் துள்ளுகின்றன, பார்த்தீர்களா? அவை அழகுக்கு விட்டவை அல்ல. நுளம்புக் குடம்பியைத் தின்ன விட்டவை. மாரி தொடங்கினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார், ஆகவே மீனுக்குச் சம்பளமில்லாத உத்தியோகம். கூரைத் தகரத்துக்கு மட்டும் எவ்வளவு செலவானாலும் யாரும் முணுமுணுப்பதில்லை. 1978 நவம்பர் 23 சூறாவளியில் தகரங்கள் பறந்ததைக் கண்ட மூத்தவர்கள் இன்னும் முதல் வரிசையில் இருக்கிறார்கள். ஆணி போதுமா என்று அவர்களே அண்ணாந்து எண்ணுவார்கள்.

பக்கத்து அறையில் சந்தூக்கு, மையித்தைச் சுமந்துபோகும் பெட்டி. எந்தக் குடி, எந்த வீதி என்று பேச்சே வராத ஒரே சாமான் இதுதான். யாரும் சொல்லாமலே கழுவித் துடைத்து வைத்துவிடுவார்கள். கொப்பியில் பதிவும் இல்லை.

சத்தம் கேட்கிறதா? தலைவர் ஹாஜியார் வாசலில் நிற்கிறார். கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்த ஒருவர் புத்தம்புதிய ஃபேன் ஒன்றைப் பெட்டியோடு இறக்குகிறார். ஹாஜியாரிடம் இதற்கென்றே ஒரு தந்திரம் இருக்கிறது, கவனியுங்கள்.

"அல்ஹம்துலில்லாஹ், தம்பி. நல்ல ஃபேன். இதோட ஒரு வருசக் கரண்ட் பில்லையும் உங்கட பேர்ல எழுதுவமா?"

"மறுகா பாப்பம் ஹாஜியார்."

"ஓம், மறுகா பாப்பம். அதுவரைக்கும் இது பத்திரமா உள்ள இரிக்கட்டும்."

பெட்டி நேரே களஞ்சிய அறைக்கு வருகிறது. மோதினார் காக்கா அதை மணிக்கூடுகளுக்குப் பக்கத்தில் வைக்கிறார், எழுதிய பெயர் கதவுப் பக்கம் தெரியும்படி திருப்பி.