ஆறு எங்கே உப்பாகிறது?

வண்டலூரில் பெய்யும் மழைக்கு இரண்டு கடல்வழிகள் உண்டு. ரயில் பாதைக்கு மேற்கே விழும் நீர் மண்ணிவாக்கம், முடிச்சூர் பக்கமாக ஓடி, ஆதனூர் ஏரியின் கலங்கலிலிருந்து தொடங்கும் அடையாற்றில் சேர்கிறது. வரதராஜபுரம், திருநீர்மலை, அனகாபுத்தூர், நந்தம்பாக்கம், சைதாப்பேட்டை என்று ஊர் ஊராகக் கடந்து, ஏறத்தாழ 42 கிலோமீட்டர் போய், பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே கடலைத் தொடுகிறது. வண்டலூர்க் குன்றுகளுக்குக் கிழக்கே விழும் நீர் ஏரி ஏரியாக நிரம்பி வழிந்து பள்ளிக்கரணைச் சதுப்புக்கோ கேளம்பாக்கம் உப்பங்கழிக்கோ போகிறது. சதுப்பு, உப்பங்கழி இரண்டுக்கும் கடல்வாசல் முட்டுக்காடுதான்.

ஆறும் கடலும் கலக்கும் இந்த இடங்களுக்குக் கழிமுகம் என்று பெயர். மீனவர்கள் முகத்துவாரம் என்பார்கள். மடவை, கொடுவா, இறால், நண்டு எல்லாம் ஆயுளின் ஒரு பகுதியையாவது இங்கே கழிக்கின்றன. இந்த நீரைச் சுத்தமாக வைத்திருக்க நம் அரசு என்னென்ன விதிகள் எழுதியிருக்கிறது என்று தேடிப் போனால், ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஓர் அறிவியல் ஒளிந்திருக்கிறது.

முதலில் அங்கே நடக்கும் இயற்பியலைப் பார்ப்போம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதனால் ஆற்றுநீரைவிட அது கொஞ்சம் கனம். கனமான நீர் அடியில் போகும், லேசானது மேலே மிதக்கும். மழைக்காலத்தில் ஆறு வேகமாக வரும்போது, மேலே நன்னீர் கடலை நோக்கி ஓடிக்கொண்டிருக்க, அதற்கு அடியில் உப்புநீர் நிலத்தை நோக்கி எதிர்த்திசையில் நுழைகிறது. ஒரே ஆறு, ஒரே நேரத்தில், இரண்டு பக்கமும் ஓடுகிறது! பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால் ஆப்பு வடிவில் தெரியும் என்பதால் இதை உப்பு ஆப்பு என்கிறார்கள்.

அடுத்த வித்தை வேதியியலுடையது. ஆறு சுமந்து வரும் களிமண் துகள்களின் மேல் எதிர்மின்னூட்டம் உண்டு. அதனால் ஒன்றையொன்று விலக்கியபடி, கீழே படியாமல் மிதந்து வருகின்றன. உப்பு பட்டதும் அந்த மின்னூட்டத்தின் வலு குறைகிறது. துகள்கள் ஒட்டித் திரண்டு படிகின்றன. இதற்குத் திரளல் என்று பெயர். துகளில் ஒட்டியிருந்த உலோகங்களும் எண்ணெயும் அதோடு சேர்ந்து அடியில் இறங்குகின்றன. ஆற்றில் விட்டதைக் கடல் கொண்டுபோய்விடும் என்ற நம்பிக்கை இங்கே உடைகிறது. கணிசமான பகுதி கடலுக்குப் போவதே இல்லை. முகத்துவாரத்துச் சேற்றில் தங்கிவிடுகிறது. குரோம் உப்பைக் கொண்டு தோல் பதனிடும் நாகல்கேணி, பம்மல் பகுதிகள் அடையாற்றின் ஓரத்தில் இருக்கின்றன என்பதை நினைத்தால், அங்கே பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஏன் இன்றியமையாதது என்று புரியும்.

இனி சட்டம். கழிமுகத்தைக் காக்க வேண்டுமானால், அது எங்கே தொடங்குகிறது என்று முதலில் சொல்ல வேண்டும். ஆறு எங்கே முடிந்து கழிமுகம் எங்கே ஆரம்பிக்கிறது? கண்ணுக்கு எந்தக் கோடும் தெரியாது.

1981இல் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநிலங்களின் முதல்வர்களுக்கு எழுதிய கடிதத்தில், அலையேற்றக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரையைக் கட்டடங்களிலிருந்து காக்கச் சொன்னார். பத்து ஆண்டுகள் கழித்து, 1991இல், அது கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையாக வந்தது. 2011இலும் 2019இலும் புதிதாக எழுதப்பட்டது. கடல் முகப்பில் கோடு போடுவது ஓரளவு எளிது. ஆற்றுக்குள் எவ்வளவு தூரம் போவது? அறிவிக்கை தரும் விடை அழகானது: ஆண்டிலேயே மிக வறண்ட காலத்தில் ஆற்றுநீரை அளந்து பார், உப்பு ஆயிரத்தில் ஐந்து பங்காக இருக்கும் இடம் வரை கடலின் ஆட்சி.

ஒவ்வொரு சொல்லிலும் யோசனை இருக்கிறது. ஆயிரத்தில் ஐந்து என்றால் கடலின் உப்பில் ஏழில் ஒரு பங்கு. வறண்ட காலம் ஏன்? அப்போதுதான் ஆற்றின் எதிர்ப்பு மிகக் குறைவு. கடல் தன் கையை எட்டும் மட்டும் நீட்டியிருக்கும் நாட்கள் அவை. அந்த நாளின் எல்லையையே ஆண்டு முழுவதற்கும் எல்லையாக வைத்துவிட்டால், அடைமழையில் ஆறு முழுக்க நன்னீராக ஓடும்போதும் பாதுகாப்பு குறையாது. அந்த இடம் வரை, கரைக்குக் கரை, நீரும் அடிமண்ணும் மண்டலத்துக்குள் வருகின்றன. நிலப்பக்கம் 2011 விதிப்படி 100 மீட்டர் அல்லது கழியின் அகலம், எது குறைவோ அது. 2019இல் அந்த 100 என்பது 50 ஆகச் சுருங்கியது. இதை நான் இழப்பாகவே பார்க்கிறேன். அலையேற்றக் கோட்டை நாடு முழுவதும் வரைந்து தரும் தேசிய நிலைத்த கடலோர மேலாண்மை மையம் இருப்பது, அடையாற்றிலிருந்து அதிகத் தொலைவில்லாத அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில்.

இந்த உப்புக் கோட்டில் ஒரு சிக்கலும் உண்டு. கோடையில் ஓர் ஆறு உண்மையிலேயே வறண்டால்தான் அளவு சரியாக வரும். ஊர்க் கழிவுநீர் கோடையிலும் ஓயாமல் வந்துகொண்டிருந்தால்? கழிவுநீரும் உப்பளவில் நன்னீர்தான். அது உப்புநீரைக் கடல் பக்கம் தள்ளும். கழிவுநீர் கூடக்கூட, சட்டம் காக்கும் எல்லை சுருங்கும் வாய்ப்பு இருக்கிறது. விதியை எழுதியவர்கள் மழை ஆற்றை மனத்தில் வைத்து எழுதினார்கள். நகரத்து ஆறு வேறு மாதிரி நடந்துகொள்கிறது.

எல்லை முடிவாயிற்று. எவ்வளவு சுத்தம் வேண்டும்? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடலோர நீரை ஐந்து வகுப்பாகப் பிரித்திருக்கிறது. நீர் எப்படி இருக்கிறது என்பதை வைத்து அல்ல, எதற்குப் பயன்பட வேண்டும் என்பதை வைத்து. உப்பளமும் சிப்பி வளர்ப்பும் முதல் வகுப்பு. குளியலும் மீன்பிடிப்பும் இரண்டாவது. துறைமுகம் போன்றவை கடைசியில். இரண்டாம் வகுப்பு நீரில் லிட்டருக்குக் குறைந்தது 4 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க வேண்டும்.

நாலே மில்லிகிராமா என்று தோன்றும். நாம் மூச்சிழுக்கும் ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. நம் ஊர் 30 டிகிரி வெப்பத்தில், மிகச் சுத்தமான ஆற்றுநீர்கூட லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான் பிடித்து வைக்கும். கடல்நீர் ஆறு சொச்சம்தான். சூடு ஏறினாலும் உப்பு கூடினாலும் ஆக்சிஜன் குறையும். மடவை மீன் வாழ்நாள் முழுவதும் இந்தச் சொற்பக் காற்றை நம்பித்தான் நீந்துகிறது. அதுவும் மணிக்கு மணி மாறும். பகலில் பாசிகள் ஆக்சிஜனை வெளிவிடும், இரவில் அவையே உள்ளிழுக்கும். பிற்பகல் மூன்று மணிக்கு எடுத்த மாதிரி நன்றாக இருக்கும் அதே நீரில், விடியலுக்கு முன் மீன் திணறலாம்.

கழிவுநீர் செய்யும் கேடு பெரும்பாலும் நஞ்சால் அல்ல, விருந்தால். அதிலுள்ள உணவை உண்ண நுண்ணுயிர்கள் பெருகி, நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. அப்படி எவ்வளவு தீரும் என்பதே உயிர்வேதி ஆக்சிஜன் தேவை. அலுவலகப் பேச்சில் பிஓடி. இரண்டாம் வகுப்புக்கு இது லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். சோதனை எளிது: நீரைப் பாட்டிலில் மூடி, இருட்டில் வைத்து, முன்னும் பின்னும் ஆக்சிஜனை அளக்க வேண்டும். எத்தனை நாள் வைப்பது? 1898இல் அமைக்கப்பட்ட பிரிட்டனின் கழிவுநீர் ஆணையம் ஐந்து நாள் என்று முடிவு செய்தது. அந்த நாட்டு ஆறுகள் கடலைச் சேர அதற்கு மேல் ஆகாது என்பதே காரணம் என்பார்கள். உலகின் பல நாடுகள் இன்றும் 20 டிகிரியில் ஐந்து நாள் என்ற கணக்கையே பின்பற்றுகின்றன. நாம் மாற்றிக்கொண்டோம். 27 டிகிரியில் மூன்று நாள். நம் வெயிலுக்கு நுண்ணுயிர்கள் வேகமாக உண்ணும் என்பதை ஏற்றுக்கொண்ட விதி இது.

பிஓடி என்ற இந்த எண்ணை வீட்டுக்குக் கொண்டுவருவோம். நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் என்பது திட்டமிடுவோர் கணக்கு. அதில் 80 சதவீதம், சுமார் 108 லிட்டர், கழிவுநீராகத் திரும்பும். அதன் பிஓடி லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வைத்தால், ஒருவரின் ஒருநாள் கழிவு ஏறக்குறைய 3,000 லிட்டர் சுத்தமான ஆற்றுநீரின் ஆக்சிஜனை முழுவதும் விழுங்கிவிடும். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 12,000 லிட்டர். வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் கோடை முழுக்க ஓடும் பெரிய தண்ணீர் லாரி ஒன்றின் கொள்ளளவு அது. ஒரு வீட்டுக்குத் தினமும் ஒரு லாரி நல்ல நீர் மூச்சடைக்கிறது. அந்தச் சாலையின் பெரிய குடியிருப்புகளில் இரவு பகலாக இரைச்சலிடும் சுத்திகரிப்பு நிலையத்துக் காற்றூதிகளின் வேலை இப்போது விளங்கும். ஆற்றில் நடக்க இருந்த அதே விருந்தைத் தொட்டிக்குள்ளேயே நடத்தி, அதற்கான ஆக்சிஜனை மின்சாரச் செலவில் ஊட்டுகின்றன. ஆறு கொடுக்க வேண்டியிருந்த காற்றை நாம் காசு கொடுத்துத் தருகிறோம். பாதாளச் சாக்கடை வராத தெருக்களில், கழிவுநீர் லாரி தன் சுமையை எங்கே இறக்குகிறது என்பதைப் பொறுத்தது மீதி.

கழிமுகத்துக்கு இயற்கையே ஓர் உதவியும் தருகிறது: ஓதம், அதாவது கடலின் ஏற்ற இறக்கம். சென்னையில் நாளுக்கு இருமுறை, அதிகபட்சம் ஒரு மீட்டர் அளவுக்குக் கடல் ஏறி இறங்கும். ஒரு ஹெக்டேர் கழியில் ஒரு மீட்டர் ஏற்றம் என்றால், ஒரு கோடி லிட்டர் புது நீர் எந்த மோட்டாரும் இல்லாமல் உள்ளே வந்து போகிறது. ஆனால் ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. ஆற்றில் ஓட்டம் குறைந்ததும் அந்த மணல் முகத்துவாரத்தில் திட்டாகக் குவியும். வாசல் மூடினால் ஓதம் நின்றுபோகும். மழைக்கு முன் அடையாற்று மணல் திட்டை இயந்திரம் கொண்டு வெட்டுவது வெள்ளத்துக்காக மட்டும் அல்ல, மூச்சுக்காகவும்தான். அடையாற்றுக் கழியின் ஒரு பகுதியில் குப்பையும் இடிபாடும் நீக்கப்பட்டு, நீர்ப்பரப்பு மீட்கப்பட்டு, 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா 2011இல் திறக்கப்பட்டது. அதை உருவாக்கிய அறக்கட்டளையே இப்போது சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளையாக இயங்குகிறது.

இந்தத் துறையில் தமிழ்நாடு நாட்டுக்கே ஒரு சட்டம் வாங்கித் தந்திருக்கிறது. இறால் பண்ணைக் கழிவுகள் கழிகளையும் விளைநிலங்களையும் கெடுப்பதை எதிர்த்து, காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பும் அதைத் தொடர்ந்த விவாதங்களும் 2005ஆம் ஆண்டின் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தில் முடிந்தன. ஆணையத்தின் தலைமையகம் சென்னையில்தான்.

இவ்வளவு நுட்பமும் இருந்து அடையாறும் கூவமும் ஏன் மத்திய வாரியத்தின் மாசடைந்த ஆறுகள் பட்டியலில் நிற்கின்றன? நிதி, நிர்வாகம் எல்லாம் காரணம்தான். ஆனால் கணக்கிலேயே ஓர் ஓட்டை இருப்பதாக எனக்குப் படுகிறது. 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு குழாயையும் தனித்தனியே சோதிக்கிறது. ஒரு நிலையம் வெளிவிடும் நீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் பிஓடி இருந்து, அனுமதியும் அதுவே என்றால் தேர்ச்சி. அது நாளுக்கு ஒரு கோடி லிட்டர் விட்டால் 200 கிலோ. அப்படிப் பத்து நிலையங்கள் வந்தால் 2,000 கிலோ. பத்தும் தேர்ச்சி, கழிமுகம் தோல்வி. குழாய்க்குச் செறிவு முக்கியம். கழிமுகத்துக்கு முக்கியமானது மொத்தச் சுமை.

அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவுக்கு 2010இல் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டார்கள். விரிகுடா எவ்வளவு தாங்கும் என்று முதலில் கேட்டார்கள். நைட்ரஜன் ஆண்டுக்குச் சுமார் 84,000 டன் என்று விடை வந்தது. ஓத நீரை 92 துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வரம்பு வைத்து, அதை ஆறு மாநிலங்களுக்கும் தலைநகர் வாஷிங்டனுக்கும் பங்கிட்டார்கள். அந்த வடிநிலம் தமிழ்நாட்டைவிடப் பெரியது. நியூயார்க் மாநிலத்தின் உள்பகுதியில், கடலையே பார்க்காத மாட்டுப் பண்ணைக்கும் அதில் பங்கு உண்டு. 2025க்குள் முடிப்பதாக வைத்த இலக்கு முழுதாக எட்டப்படவில்லை. ஆனாலும் யார் எவ்வளவு பாக்கி என்பது அங்கே கிலோ கணக்கில் தெரிகிறது.

நமக்கும் இது எட்டாத வித்தை அல்ல. பிஓடியை ஏற்கெனவே அளக்கிறோம். அதை நீரோட்டத்தின் அளவால் பெருக்கினால் சுமை வந்துவிடும். முடிச்சூர், திருநீர்மலை, சைதாப்பேட்டை என்று நாலைந்து பாலங்களுக்கு அடியில் ஓட்டத்தையும் சேர்த்து அளந்து, எந்த இரண்டு பாலங்களுக்கு நடுவே எத்தனை கிலோ கூடியது என்று மாதாமாதம் வெளியிட்டாலே, சண்டை போட வேண்டிய இடம் எதுவென்று தாம்பரத்துக்காரருக்கும் தெரியும், தலைமைச் செயலகத்துக்கும் தெரியும்.