ஒரு கடைவாய்ப் பல்லின் விலை என்ன?

அரபி மதரஸாவில் ஃபிக்ஹு பாடம் ஓதியவர்களுக்கு ஒரு கணக்கு நினைவிருக்கும். ஒருவரின் பல்லை மற்றவர் உடைத்துவிட்டால் கொடுக்க வேண்டிய நஷ்டஈடு ஐந்து ஒட்டகங்கள். ஓர் உயிருக்கு நூறு ஒட்டகம் என்றால், ஒரு பல்லுக்கு அதில் இருபதில் ஒரு பங்கு. முன்பல்லுக்கு ஒரு விலை, உள்ளே மறைந்திருக்கும் கடைவாய்ப் பல்லுக்கு ஒரு விலை என்ற பேதமும் கிடையாது. அன்று அதை மனப்பாடம் செய்ததோடு சரி. ஒரு ஜும்ஆ தொழுகை முடிந்து, கன்னத்தில் கை வைத்தபடி ஒரு சகோதரர் நம்மிடம் வந்தபோதுதான் அந்தக் கணக்கின் கனம் புரிந்தது.

அவர் தி.நகரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்ப்பவர். கீழ்த்தாடையில் இடப்பக்கக் கடைவாய்ப் பல் சொத்தையாகி, பாதிக்கு மேல் உடைந்துபோய்விட்டது. மூன்று இடங்களில் காட்டியிருக்கிறார். மயிலாப்பூரில் ரூட் கெனால் செய்து கேப் போட 11,000 ரூபாய் என்றார்களாம். அடையாறில், பிடுங்கிவிட்டு இம்ப்ளாண்ட் வைக்கலாம், 38,000 ஆகும், மாதத் தவணை வசதி உண்டு என்றார்கள். கடைக்குப் பக்கத்திலேயே இருந்த மூன்றாமவர், பிடுங்கிவிட்டு கழற்றி மாட்டும் பல் வைத்துக்கொள்ளுங்கள், 3,000 போதும் என்றிருக்கிறார். "ஹஜ்ரத், ஒரே பல்லுக்கு மூன்று விலையா? யார் ஏமாற்றுகிறார்கள்?" என்று கேட்டார்.

யாரும் ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. மூன்றும் மூன்று வேறு வைத்தியம். முதலில் தீர்க்க வேண்டியது, பல்லைக் காப்பாற்ற முடியுமா என்பதே. ஈறுக்கு மேலே சுற்றிலும் ஓரிரு மில்லிமீட்டர் நல்ல பல் மிச்சமிருந்தால்தான் கேப் பிடித்து நிற்கும். அப்படி இருந்தால் ரூட் கெனால்தான் நல்லது. சொந்தப் பல்லுக்கு ஈடு வேறில்லை. சொத்தை வேர்கள் பிரியும் இடம் வரை இறங்கிவிட்டாலோ, வேர் பிளந்துவிட்டாலோ அதன்மேல் போடும் கேப் பெரும்பாலும் வீண் செலவு.

இதை உறுதிசெய்துகொள்ள, அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் வரச் சொன்னோம். சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே இருக்கிறது. திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் இறங்கி நடக்கும் தூரம். 1953-இல் தொடங்கியது. கூட்டம் இருக்கும், ஒரு நாள் சம்பளம் போகும். ஆனால் நம்மிடம் எதையும் விற்க வேண்டிய அவசியமில்லாத ஒருவர் எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொல்வதற்கு அந்த ஒரு நாள் தகும். அங்கே பார்த்துவிட்டு, வேர் பிரியும் இடத்தில் ஓட்டை விழுந்துவிட்டது, எடுத்துவிடுவதே நல்லது என்றார்கள்.

எடுத்த இடத்தைச் சும்மா விடலாமா? ஞானப் பல் என்றால் விட்டுவிடலாம். முதல் கடைவாய்ப் பல் அப்படியல்ல. மெல்லும் வேலையில் பெரும்பங்கு அதனுடையது. இடம் காலியாக இருந்தால் பின்னால் இருக்கும் பல் முன்பக்கம் சாயும், மேலே இருக்கும் பல் கீழே இறங்கும், தாடை எலும்பும் தேயும். மாணவப் பருவத்தில் நாம் இப்படி ஒரு பல்லை எடுத்துவிட்டு, பணமில்லை என்று அப்படியே விட்டோம். இன்று அந்தப் பக்கத்தில் பட்டாணி மெல்ல முடியாது.

கழற்றி மாட்டும் பல் மலிவு. ஆனால் உறுத்தும், பக்கத்துப் பற்களில் அழுக்குச் சேரும். பிரிட்ஜ் என்பது இருபுறமும் உள்ள பற்களைச் செதுக்கி மூன்றையும் சேர்த்து மூடுவது. ஒரு பல் போனதற்கு மூன்று பல்லின் காசு கேட்கிறார்களே என்று பலர் கோபப்படுவது இதில்தான். செய்வதே மூன்று கேப் என்பதால் கணக்கு சரிதான். நமது ஆட்சேபம் வேறு: பக்கத்துப் பற்கள் ஏற்கெனவே பழுதாகி கேப் தேவைப்பட்டால் பிரிட்ஜ் லாபம், நல்ல பற்களாக இருந்தால் இரண்டு ஆரோக்கியமான பற்களைச் செதுக்குவது நஷ்டம்.

இம்ப்ளாண்ட் என்பது எலும்பில் பதிக்கும் டைட்டானியம் திருகு. ஸ்வீடனின் ப்ரோனேமார்க் என்ற ஆய்வாளர், முயலின் எலும்பில் வைத்த டைட்டானியம் கருவியைத் திரும்ப எடுக்க முடியாதபடி எலும்பு அதைப் பற்றிக்கொண்டதைக் கண்டார். 1965-இல் முதன்முதலாக மனிதருக்கு அதைப் பொருத்தினார். நன்றாகப் பராமரித்தால் பத்து வருடம் தாண்டியும் பெரும்பாலானவை நிற்கின்றன. ஆனால் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கும், சிகரெட்டை விடாதவருக்கும் தோற்கும் வாய்ப்பு அதிகம். கிளினிக்கில் சொல்லும் தொகை திருகுக்கு மட்டுமா, மேலே வைக்கும் பல்லும் ஸ்கேனும் சேர்த்தா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மார்க்கத்தில் தடையுண்டா என்றும் கேட்டார். போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியில் மூக்கு வைத்து, அதில் துர்வாடை வந்தபோது, தங்கத்தில் வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த செய்தி அபூதாவூத், திர்மிதியில் இருக்கிறது. அதை வைத்துத்தான் பல்லைத் தங்கத்தால் கட்டுவது பற்றி இமாம்கள் பேசினார்கள். டைட்டானியத்துக்கு அந்தக் கேள்வியே எழாது. நிலையாகப் பொருத்திய பல் சொந்தப் பல்லைப் போன்றது. கடமையான குளிப்பில் அதைக் கழற்ற வேண்டியதில்லை. கழற்றி மாட்டுவது என்றால், வாய் கொப்பளிப்பதைக் கடமை என்னும் ஹனஃபி மத்ஹபினர் கழற்றிவிட்டுக் கொப்பளிப்பது பேணுதல். ஷாஃபிஈ மத்ஹபில் அது சுன்னத்.

நமக்கு உறுத்தியது அந்த மாதத் தவணைதான். வட்டி இல்லை என்று பலகையில் இருக்கும். பணம் கொடுப்பது கிளினிக் அல்ல, ஒரு நிதி நிறுவனம். ஒப்பந்தத்தைப் படித்தால், ஒரு தவணை தவறினால் கூடுதல் தொகை என்ற வரி உள்ளே இருக்கலாம். அதற்குப் பதிலாக மருத்துவரிடமே நேராகக் கேட்கச் சொன்னோம். வேலையே கட்டம் கட்டமாக நடப்பது. பல் எடுத்த இடம் ஆற இரண்டு மூன்று மாதம், திருகு பதித்து எலும்பு பிடிக்க இன்னும் மூன்று மாதமோ கூடுதலோ, அதற்குப் பிறகுதான் பல். பணத்தையும் அப்படியே கட்டம் கட்டமாகக் கொடுக்கலாமே! அடையாறு மருத்துவர் மறுப்பில்லாமல் சம்மதித்தார். முதல் கட்டத்துக்கு மஹல்லாவில் இருவர் கர்ழ் ஹசனாவாகக் கொடுக்க முன்வந்தார்கள்.

சென்ற வாரம் பல்லை எடுத்துவிட்டார். அன்று கூடவே வந்திருந்த எட்டு வயது மகளையும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். ஆறு வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப் பல் எந்தப் பால் பல்லும் விழாமலே வருவதால், விழப்போகும் பல்தானே என்று பெற்றோர் விட்டுவிடுவார்கள். தகப்பனுக்குப் போன அதே பல்லில் மகளுக்கும் ஒரு கறுப்புப் புள்ளி. அதைச் சுத்தம் செய்து அடைக்க வெளியே அவர் விசாரித்து வந்த தொகை 800 ரூபாய்.