மேற்கோளும் மதிப்பும்

தம் கருத்தை நிறுவும்பொழுது முன்னோர் மொழிந்ததை எடுத்துக்காட்டுவது நமக்குப் புதிய வழக்கமன்று. இன்று கிடைக்காத பழந்தமிழ் நூல்கள் சிலவற்றை, யாப்பருங்கல விருத்தி போன்ற உரைகள் மேற்கோளாக ஆண்ட வரிகளாலேயே நாம் அறிகின்றோம். இக்கால ஆராய்ச்சியாளரும் தமக்கு உதவிய முந்தைய கட்டுரைகளைத் தம் கட்டுரையின் இறுதியில் குறிப்பிடுகின்றனர். இம்மேற்கோள்களை எண்ணி, அவ்வெண்ணிக்கையால் ஓர் அறிஞரின் தகுதியை அளக்கலாமா? இதுவே நாம் இங்கு ஆராயப் புகும் கேள்வி.

இவ்வாறு எண்ணுவதற்கு வழி வகுத்தவர் அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு. ஒரு கட்டுரையைப் பின்வந்த கட்டுரைகளுள் எவை எவை எடுத்தாண்டன என்று காட்டும் அட்டவணை வேண்டுமென 1955-ல் 'சயின்ஸ்' இதழில் அவர் எழுதினார். பழைய தீர்ப்புகளைப் பிற்காலத் தீர்ப்புகள் எவ்வாறு ஆண்டன என்று அறிய அமெரிக்க வழக்கறிஞர்கள் பயன்படுத்திய அட்டவணையே அவருக்கு முன்மாதிரி. 1964-ல் அவருடைய விஞ்ஞான மேற்கோள் அட்டவணை விற்பனைக்கு வந்தது. கட்டுரைகளைத் தேடி அறிவதற்கென எழுந்த அக்கருவி, நாளடைவில் கட்டுரை எழுதியவர்களை எடைபோடவும் பயன்படலாயிற்று.

2005-ல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்னும் பௌதிக அறிஞர் 'எச்-எண்' என்ற அளவையை வகுத்தார். ஒருவர் ஐந்து கட்டுரைகள் எழுதியுள்ளார் என்க. அவை முறையே 40, 12, 5, 3, 1 முறை மேற்கோளாக ஆளப்பட்டுள்ளன. அவற்றுள் மூன்று கட்டுரைகள் மும்மூன்று முறையேனும் ஆளப்பட்டுள்ளன. நான்கு கட்டுரைகள் நந்நான்கு முறை ஆளப்படவில்லை. ஆகவே அவருடைய எச்-எண் 3. வாழ்நாளில் ஒரே கட்டுரை எழுதி, அஃது ஆயிரம் முறை ஆளப்பட்டாலும், அவ்வறிஞரின் எச்-எண் 1 தான்!

துறைக்குத் துறை வழக்கம் வேறுபடுவதையும் நாம் மறத்தலாகாது. கணித அறிஞர் பெரும்பாலும் தனித்தோ, ஓரிருவருடன் கூடியோ எழுதுவார். அவர் காட்டும் மேற்கோள்களும் சிலவே. ஜெனீவாவில் அணுத்துகள்களை ஆராய்வோர் 2015-ல் வெளியிட்ட ஒரு கட்டுரைக்கு ஆசிரியர்கள் 5,154 பேர். சரித்திர ஆசிரியரோ பல ஆண்டு உழைப்பை ஒரே நூலில் வைப்பார். இவர்களை ஒரே எண்ணால் ஒப்பிடுவது, நெல்லையும் பாலையும் ஒரே படியால் அளந்து, எது சிறந்தது என்று கேட்பதை ஒக்கும்.

ஒரே துறையினுள்ளும் எண்ணிக்கை முழு உண்மையைக் கூறாது. புரதத்தின் அளவைக் கண்டறியும் முறை பற்றி ஆலிவர் லோரியும் துணைவரும் 1951-ல் எழுதிய கட்டுரை, மூன்று லட்சம் முறைக்கு மேல் எடுத்தாளப்பட்டுள்ளது. 2014-ல் 'நேச்சர்' இதழ் வெளியிட்ட வரிசையில் அதற்கே முதலிடம். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவை உணர்த்திய 1953-ஆம் ஆண்டுக் கட்டுரை அவ்வரிசையின் முதல் நூறில் இல்லை! முன்னது ஆய்வுக்கூடந்தோறும் பயன்பட்ட கருவி. பின்னது உயிரியலின் போக்கையே மாற்றிய கண்டுபிடிப்பு. மேற்கோள் எண்ணிக்கை பயன்பாட்டைக் காட்டுகிறது; பெருமையை அன்று.

காலமும் கருதத்தக்கது. பட்டாணிச் செடிகளை ஆராய்ந்து பாரம்பரிய விதிகளைக் கண்ட மெண்டல், தம் கட்டுரையை 1866-ல் வெளியிட்டார். அதனைப் பொருட்படுத்தியவர் மிகச் சிலரே. 1884-ல் அவர் மறைந்தார். 1900-ல்தான் தாவரவியல் அறிஞர் மூவர் அதன் அருமையை உலகுக்கு உணர்த்தினர்.

இன்று வேலையும் பதவி உயர்வும் ஆராய்ச்சிப் பொருளுதவியும் பல இடங்களில் இவ்வெண்களைப் பார்த்தே வழங்கப்படுகின்றன. அதனால் ஒரு கட்டுரையை மூன்றாகத் துண்டாடுவோரும், தம்மைத் தாமே மிகையாக மேற்கோள் காட்டுவோரும் தோன்றியுள்ளனர். விரைவில் பயன் தராத கடினமான வினாக்களை இளைஞர் அஞ்சி ஒதுக்கவும் கூடும். இத்தீங்கை உணர்ந்த விஞ்ஞானிகள் 2012-ல் சான்பிரான்சிஸ்கோவில் கூடி, இதழின் மேற்கோள் எண்ணைக் கொண்டு ஆராய்ச்சியாளரை மதிப்பிடலாகாது என்னும் அறிக்கையை வகுத்தனர்.

மாணவர்களே, ஓர் அறிஞரின் எண்ணை யாரேனும் கூறினால், அவர் துறை யாது, எத்தனை ஆண்டுகள் உழைத்தார், கட்டுரையில் அவர் பங்கு என்ன என்று கேளுங்கள். பிறகு அக்கட்டுரையையே எடுத்துப் படியுங்கள். எண் நம்மை நூலகத்தின் வாயில்வரை அழைத்துச் செல்லும். உள்ளே சென்று படிப்பது நம் கடமை.