வெந்நீர்க் குழாயும் வெடித்த தளமும்

வீடு புதுப்பித்து ஓராண்டு நிறையுமுன்னரே கூடத்துத் தளத்தில் மயிரிழை போன்றதொரு கீறல் தோன்றுகிறது. அது ஒரு கல்லோடு நிற்பதில்லை. குளியலறை வாயிலிலிருந்து சமையலறைச் சுவர் வரை, நூல் பிடித்தாற்போல, நான்கைந்து தளக்கற்களை ஊடறுத்துச் செல்கிறது. கல் மட்டமானது என்று வீட்டுக்காரர் கொத்தனாரைக் கடிந்துகொள்கிறார். சாந்து இறுகுமுன் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிவிட்டீர்கள் என்பது கொத்தனாரின் விடை. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் தொடர்வீடுகளில் குடியிருப்போர்க்கு இவ்வழக்குப் புதியதன்று. இதனால் கூலி நிலுவையில் நிற்பதும், நெடுநாட் பழகியவர்கள் முகந்திருப்பிக் கொள்வதும் உண்டு. ஆனால் கீறல் ஓடும் கோட்டை எவரும் படித்துப் பார்ப்பதில்லை. அதன் நேர்கீழே வெந்நீர்க் குழாய் புதைந்து கிடக்கலாம்.

அண்டாவில் வெந்நீர் காய்ச்சிய காலத்தில் இத்தொல்லைக்கு இடமில்லை. கதிரவன் வெப்பத்தால் நீரைச் சூடாக்கும் கலம் கூரைமேல் ஏறிய பின்னர், அங்கிருந்து பல அறைகளுக்கும் குழாய் ஓடவேண்டியதாயிற்று. சுவரைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோவதினும் தளத்தில் புதைத்து நேரே கொண்டுபோவது சிக்கனம். கலத்தில் நீர் தேங்கி நிற்பதால், கிருமிகள் பெருகாதிருக்க அதனை 60 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்திருப்பது வழக்கம். தளமோ 27, 28 டிகிரியில் இருக்கிறது.

சூடேறிய பொருள் விரியும் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. வளையத்துள் நுழைந்த இரும்புக் குண்டு, காய்ச்சிய பின் நுழையாமல் நிற்பதை வகுப்பிலே காட்டாத ஆசிரியர் இல்லை. நம் ஊர்த் தச்சரும் கொல்லரும் அப்பாடத்தை ஏட்டில் படித்தவர் அல்லர். வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி மாட்டி, நீரூற்றிக் குளிர்வித்து இறுக்கியவர்கள் அவர்கள்.

கோலாலம்பூரில் இப்பாடம் கற்க ஏற்ற இடம் பிரிக்பீல்ட்ஸ். 1881ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தீயும் இறுதியில் வெள்ளமும் அத்தாப்புக் கூரைகளாலான ஊரை அழித்தன. 1884இல், கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் எழுப்புமாறு ரெசிடெண்டு பிராங்க் சுவெட்டன்ஹாம் பணித்தார். கப்பித்தான் யாப் ஆ லோய் செங்கல் அறுக்க நிலம் வாங்கினார். அவ்வாறு எழுந்த சூளைகளே அவ்வட்டாரத்துக்குப் பெயர் தந்தன. 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. பின்னாளில் பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே ஊழியர் குடியிருப்பாகவும் ஆயிற்று. அவர்களுள் தமிழர் பலர்.

தண்டவாளம் போடுவோர் இரண்டு துண்டுகளுக்கிடையே சிறிது இடைவெளி விடுவர். 12 மீட்டர் எஃகுத் தண்டவாளம் 30 டிகிரி சூடேறினால் 4 மில்லிமீட்டருக்குச் சற்று மிகுதியாக நீளும். இடமில்லையேல் அது வளைந்து நெளியும். (இக்காலத்தில் தண்டவாளங்களை இடைவெளியின்றி ஒட்டவைக்கிறார்களே எனலாம். அவற்றைக் கனத்த குறுக்குக் கட்டைகளும் சரளைக் கல்லும் இறுகப் பிடித்திருக்கின்றன. வீட்டுத் தளத்துக்கு அந்தக் காவல் இல்லை.)

இனித் தளத்துக்கு வருவோம். 10 மீட்டர்ச் செம்புக் குழாய் 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏறினால், தடையில்லாத இடத்தில் ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர் நீளும். இன்று பலரும் பதிக்கும் பிளாஸ்டிக் குழாய் அதனினும் பன்மடங்கு நீளக்கூடியது. எனினும் பிளாஸ்டிக் மென்மையானது. அது தள்ளும் வன்மை குறைவு. செம்பு குறைவாக நீண்டாலும் முரட்டுத்தனமாகத் தள்ளும். நீளும் அளவை மட்டும் கணக்கிடுவோர் இங்கே தவறிவிடுகின்றனர்.

குழாயை ஒட்டிய சாந்தும் சூடேறி விரிய முயல்கிறது. இருபுறமும் உள்ள குளிர்ந்த சாந்து அதனை விடுவதில்லை. போக வழியற்ற அந்தப் பட்டை மேல்நோக்கித் தள்ளுகிறது. மேலே ஒட்டியிருக்கும் தளக்கல்லோ அமுக்கத்தைத் தாங்கும்; இழுப்பைத் தாங்காது. ஒவ்வொரு குளியலுக்கும் இந்த விரிவும் சுருக்கமும் ஒருமுறை நிகழ்கின்றன. ஓராண்டில் எத்தனை முறை!

ஆயினும் எல்லாப் பழியையும் வெந்நீர்மேல் சுமத்துவது முறையன்று. குழாய் கிடக்குமிடத்தில் மேற்சாந்தின் கனம் குறைந்துபோகிறது. சாந்து உலர்ந்து சுருங்கும்போது அந்த மெலிந்த இடமே முதலில் பிளக்கும். தண்ணீர்க் குழாய்க்கு மேலும் அதே கீறல் காணப்படுமாயின், குற்றம் சூட்டினுடையதன்று, கனக்குறைவினுடையது. வெந்நீர் பெரும்பாலும் அக்குறையை விரைவில் வெளிப்படுத்துகிறது, அவ்வளவே.

குளிர்நாடுகளில் வெந்நீர்க் குழாய்களை வேண்டுமென்றே தளத்தில் பதித்து வீட்டைச் சூடாக்குகின்றனர். அத்தளங்கள் ஏன் வெடிப்பதில்லை? அங்கே நீரின் சூடு பெரும்பாலும் 35 முதல் 45 டிகிரிதான். குழாய்கள் தளமெங்கும் நெருக்கமாகப் பரவியிருப்பதால், ஒரு கோடு மட்டும் சூடேறுவதில்லை. சுவரோரத்தில் மெத்தென்ற பட்டை வைத்து விரிவுக்கு இடம் விடுகின்றனர். சிமெண்டுச் சாந்து போட்டு 21 நாள் கழியுமுன் வெந்நீரைச் செலுத்தலாகாது என்று ஐரோப்பியக் கட்டட விதி கூறுகிறது.

கல் இருவர் தலைமுட்டியதுபோல எதிரெதிரே கூரையாய்க் கிளம்பினால், அது வேறு நோய். 2018 சனவரியில் சிங்கப்பூரில் மழையும் குளிரும் நீடித்தபோது அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் இவ்வாறு நிகழ்ந்தது. குளிரில் காங்கிரீட்டு தளக்கல்லைவிட மிகுதியாகச் சுருங்கி, மேலேயுள்ள கற்களை நெருக்குகிறது. சுட்ட மண் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பல்லாண்டு சிறுகச் சிறுகப் பருப்பதும் அந்நெருக்கத்தைக் கூட்டும். சூளையிலிருந்து எடுத்த செங்கல்லைச் சூட்டோடு சுவரில் வைக்கலாகாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தளத்தைப் பெயர்க்குமுன் வீட்டிலுள்ள குழாய்களையெல்லாம் மூடி, தண்ணீர் மீட்டரைப் பார்க்கவேண்டும். முள் நகர்ந்தால் எங்கோ கசிவு உண்டு. அதனை முதலில் அடைக்கவேண்டும். கசிவில்லையேல், கீறிய வரிசையை மட்டும் எடுத்து, குழாய்க்கு நுரை உறை போட்டு, போதிய கனத்தில் சாந்திட்டு, சுவரோரத்தில் சிமெண்டுக்குப் பதிலாக நெகிழும் பசையை நிரப்பலாம். உறை போடாமல் கல்லை மட்டும் மாற்றினால் அடுத்த ஆண்டும் அதே கோட்டில் கீறல் வரும்.

குழாய் எவ்வழியே செல்கிறது என்று காட்டும் வரைபடம் பெரும்பாலான வீடுகளில் இருப்பதில்லை. வெந்நீர்க் குழாயைத் திறந்து கால்மணி நேரம் ஓடவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் குறுக்கே நடந்து பார்த்தால் போதும். மேலே கிடக்கும் குழாயாயின், அதன் வழி உள்ளங்காலுக்குத் தெரியும்.