காணாத சீட்டுக்குக் கட்டும் பணம்

சென்ற வாரம், 52 சீட்டுகள் கொண்ட ஒரு கட்டிலிருந்து ஐந்து சீட்டுகளை எடுத்தால் 25,98,960 விதமான கைகள் அமையக்கூடும் என்ற கணக்கை விஸ்தாரமாகப் பார்த்தோம். அந்தக் கணக்கையெல்லாம் கரைத்துக் குடித்த போக்கர் ஆட்டக்காரர் ஒருவர், தமக்கு என்ன சீட்டு வரப்போகிறது என்று தெரியாத நிலையிலேயே, ஏன், சீட்டைக் கலைத்துப் போடுவதற்கு முன்பே, பணத்தை எடுத்து மேஜையின் நடுவில் வைத்துவிடுகிறார் என்று கேள்விப்பட்டால், வாசகர்களில் பலர் அதை அவிவேகம் என்றே நினைப்பார்கள். எனக்கு அது அவ்வளவு லேசில் தள்ளிவிடக்கூடிய காரியமாகப் படவில்லை. பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும், காரணத்திலும் பலனிலும் ஒன்றுக்கொன்று வெகுதூரமான காரியங்கள் இந்த ஒரே வழக்கத்துக்குள் அடங்கியிருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் புகழ்வதும் பிழை, இகழ்வதும் பிழை.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்து, 1970-இல் லாஸ் வேகாஸில் பென்னி பினியன் என்பவர் தம் ஹார்ஸ்ஷூ விடுதியில் தொடங்கிய உலகப் போட்டியின் வாயிலாகப் பெரும் பிராபல்யம் அடைந்த ‘ஹோல்டெம்’ என்னும் போக்கர் வகையையே எடுத்துக்கொள்வோம். மேஜையைச் சுற்றி ஒன்பது பேர் அமர்ந்திருக்கிறார்கள். ‘டீலர்’ என்று பொறித்த சிறு வட்டத் தட்டு ஒருவர் முன்னே கிடக்கிறது. ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் அது இடப்புறம் ஓர் ஆளுக்கு நகரும். தட்டுக்கு இடப்புறம் இருப்பவர் ஒரு டாலரும், அவருக்கு அடுத்தவர் இரண்டு டாலரும் முன்கூட்டியே வைத்தாக வேண்டும். ‘ஸ்மால் பிளைண்ட்’, ‘பிக் பிளைண்ட்’ என்று இவற்றுக்குப் பெயர். இவை வைக்கப்பட்ட பிறகே சீட்டு போடப்படும். விருப்பமிருந்தால் வைக்கலாம், இல்லாவிட்டால் விடலாம் என்பதற்கு இங்கே இடமில்லை.

இந்தக் கட்டாயம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஹோல்டெமில் ஆளுக்கு இரண்டு சீட்டு. அவ்விரண்டும் ஏஸாக அமைவதே உச்சம். அது சராசரியாக 221 ஆட்டங்களுக்கு ஒரு தடவைதான் ஒருவருக்கு வாய்க்கும். நடுவில் பணமே இல்லையென்றால், எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லாத இடத்தில் சுமாரான சீட்டைக் கொண்டு துணிவதற்கு எவருக்கும் காரணம் கிடையாது; ஒவ்வொருவரும் ஜோடி ஏஸ் வரும்வரை சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகிக்கொண்டே இருக்கலாம்; காத்திருப்பதற்குச் செலவு ஒரு காசும் இல்லை. ஆக, புத்திசாலிகள் ஒன்பது பேர் கூடிய மேஜையில் ஆட்டமே நடவாது. பிளைண்ட் வந்தவுடன் நிலைமை தலைகீழாகிறது. ஒரு சுற்றுக்கு, அதாவது ஒன்பது ஆட்டங்களுக்கு, ஒவ்வொருவரும் மூன்று டாலர் கொடுத்தாக வேண்டியிருப்பதால், 221 ஆட்டம் பொறுத்திருப்பவர் ஏறக்குறைய 74 டாலரை இழந்திருப்பார். அவ்வளவு பொறுமையோடு காத்திருந்தவர் கடைசியில் பந்தயம் வைக்கும்போது, அவர் சுபாவத்தை அறிந்த மற்ற எட்டுப் பேரும் மறுபேச்சில்லாமல் விலகிவிட, அவர் கைக்கு வருவது நடுவில் கிடந்த மூன்றே டாலராக இருக்கக்கூடும். காத்திருப்பதற்கு ஒரு விலை வைத்து, எல்லோரையும் நடுத்தரமான சீட்டோடும் களத்தில் இறங்கச் செய்வதுதான் பிளைண்டின் தர்மம். போட்டி ஆட்டங்களில் குறித்த நேரத்துக்கு ஒரு முறை அதை உயர்த்திக்கொண்டே போவதும் இதனால்தான். இல்லையேல் போட்டிக்கு முடிவே வராது.

இது நேற்று முளைத்த ஏற்பாடும் அல்ல. 1871 முதல் 1876 வரை லண்டனில் அமெரிக்கத் தூதராக இருந்த ராபர்ட் ஷெங்க், தமக்கு விருந்தளித்த சீமாட்டி ஒருத்தியின் வேண்டுகோளுக்கிணங்கிப் போக்கர் விதிகளை எழுதிக் கொடுத்தார். அவை அச்சேறி, இங்கிலாந்தில் அந்த ஆட்டம் பரவத் துணைசெய்தன. சீட்டைப் பாராமலே முதல் ஆள் வைக்கும் பணமும், அதற்கு இரட்டிப்பாக அடுத்தவர் சீட்டைப் பாராமலே வைக்கும் ‘ஸ்ட்ராடிலும்’ அக்காலத்திலேயே வழக்கில் இருந்தன.

விவாதத்துக்கு உரியது இந்த ஸ்ட்ராடில்தான். இதில் பலவந்தம் இல்லை. பிக் பிளைண்டுக்கு இடப்புறம் இருப்பவர், யாரும் கேளாமலே, தம் சீட்டு வருவதற்குமுன் நான்கு டாலரை வைக்கிறார். சீட்டு வருகிறது, அதன்மேல் ஒரு கையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தீர்மானிப்பதைப் பார்த்தபடி இருக்கிறார், சீட்டு பார்க்கும் கட்டத்தில் கடைசியாகப் பேசும் உரிமை அவருக்கு வந்துவிடுகிறது. ஆனால் எல்லோருக்கும் பொதுவான சீட்டுகள் மேஜை நடுவில் விரிக்கப்பட்ட பிறகு அந்த உரிமை போய்விடும். மூன்றாவது ஆளாக, பெரும்பாலோரின் எண்ணம் தெரிவதற்குமுன் அவரே பேசியாக வேண்டும். எந்தச் சீட்டு என்று அறியாமல் இரட்டிப்புப் பணத்தைப் போட்டுவிட்டு, பிரதிகூலமான ஆசனத்தில் உட்கார்ந்து அதைக் காப்பாற்றுவது நஷ்டத்துக்கே வழி என்பதைத் தேர்ந்த ஆட்டக்காரர்கள் நன்றாக அறிவார்கள். அறிந்தும் வைப்பவர்கள் எதற்காக வைக்கிறார்கள்? மேஜை சோம்பிக் கிடக்கும்போது ஆட்டத்துக்குச் சூடேற்ற ஒருவர் வைக்கிறார். கையில் 200 டாலரோடு நிதானமாக ஆடுபவருக்கு நூறு மடங்காக இருந்த கையிருப்பு திடீரென்று ஐம்பது மடங்காகச் சுருங்கிவிடுவதால், அவர் நிதானம் குலையும் என்று இன்னொருவர் வைக்கிறார். இரவெல்லாம் தோற்றுவிட்டு, விட்டதைப் பிடித்துவிடலாம் என்ற தவிப்பில் வைப்பவர்களும் உண்டு. இந்தக் கடைசி வகையினரை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் வருந்துகிறது; பணயத்தை இரட்டிப்பதால் அதிர்ஷ்டம் திரும்புவதில்லை, நஷ்டத்தின் வேகம்தான் இரட்டிக்கிறது.

‘பார்க்காத சீட்டை என் முகத்தில் எப்படிப் படிப்பாய்?’ என்பது பிளைண்ட் ஆட்டத்தின் சார்பில் சொல்லப்படும் வேறொரு வாதம். தனக்கே தெரியாத ரகசியத்தை ஒருவன் கண்ணாலும் விரலாலும் காட்டிக்கொடுக்க முடியாது என்பது மெய்தான். எனினும் கணித மேதை ஜான் வான் நியூமன், ஆஸ்கர் மார்கென்ஸ்டெர்னுடன் சேர்ந்து 1944-இல் வெளியிட்ட விளையாட்டுக் கோட்பாட்டு நூலில், போக்கரை எளிமைப்படுத்தி ஆராய்ந்து கண்ட முடிவு இந்த வாதத்தைப் பலவீனப்படுத்திவிடுகிறது. ஓங்கிப் பந்தயம் வைக்க வேண்டியவை மிக உயர்ந்த கைகளும், அவற்றோடு ஓர் அளவாகக் கலந்த மிக மட்டமான கைகளுமே என்றும், நடுத்தரக் கைகளைக் கொண்டு அமைதியாக இருந்துவிட வேண்டும் என்றும் அவர் நிறுவினார். தன்னை மறைத்துக்கொள்வதற்குக்கூட ஒரு பிரமாணம் உண்டு. சீட்டைப் பாராதவனோ உயர்ந்தது, மட்டம், நடுத்தரம் எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டுவிடுகிறான். மறைவு பூரணமாகக் கிடைக்கிறது, அதற்குக் கொடுக்கும் விலை மட்டும் அளவு கடந்துவிடுகிறது.

நம் நாட்டில், அதிலும் வடக்கே தீபாவளி இரவுகளில், ஆடப்படும் ‘தீன் பத்தி’ என்னும் மூன்று சீட்டில் இந்த விலையே வேறு. இங்கிலாந்தின் பழைய ‘பிராக்’ ஆட்டத்தின் வழிவந்த இதில், சீட்டைப் பாராமல் ‘பிளைண்ட்’ ஆடுபவர் வைப்பதைப் போல் இரண்டு மடங்கு, பார்த்தவர் வைக்க வேண்டும். அதுமட்டுமன்று, கடைசியில் இருவரே எஞ்சி, ஒருவர் பார்த்தவராகவும் மற்றவர் பாராதவராகவும் இருந்தால், இருவர் சீட்டையும் விரித்துக் காட்டச் சொல்லும் ‘ஷோ’வைக் கேட்கும் உரிமை பாராதவருக்கே உண்டு, பார்த்தவர் இரட்டிப்பாகக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும், அல்லது விலக வேண்டும். மூன்று சீட்டில் அமையக்கூடிய கைகள் 22,100. அவற்றில் 16,440 கைகளில் ஜோடிகூடக் கிடையாது. அதாவது, பார்ப்பவர் நூற்றுக்கு 74 தடவை தம் கையில் ஒன்றுமில்லை என்பதைத் தெரிந்துகொள்வதற்காகவே பந்தயத்தை இரட்டிப்பாக்கிக்கொள்கிறார். ஆகையால் தொடக்கச் சுற்றுகளில் சீட்டைத் தொடாமல் இருப்பவரை அசட்டுத் துணிச்சல்காரர் என்று சொல்வது பொருந்தாது; விதியே அவருக்குச் சலுகை கொடுத்திருக்கிறது, அதை அவர் அனுபவிக்கிறார்.

சீட்டே பாராமல் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நார்வே நாட்டு அனெட் ஒப்ரெஸ்டாட் என்ற இளம்பெண் 2007-இல் ஓர் அபூர்வமான சோதனை செய்து காட்டினார். கணினி வழியே 180 பேர் ஆடிய ஒரு போட்டியில், திரையில் தம் சீட்டு தெரியாதபடி மறைத்துவிட்டு, ஒரே ஒரு தடவை மட்டும் பார்த்து, முதலிடம் பெற்றார். அவர் கவனித்ததெல்லாம் தம் ஆசனம், எதிரிகளின் கையிருப்பு, யார் எப்போது தயங்குகிறார் என்பவையே. அதே ஆண்டு செப்டம்பரில், பத்தொன்பது வயது நிறைவதற்கு ஒரு நாள் முன்பு, லண்டனில் நடந்த உலகப் போக்கர் போட்டியின் ஐரோப்பியத் தொடரில் பிரதானப் போட்டியில் வென்று பத்து லட்சம் பவுன் பரிசு பெற்றார். நுழைவுக் கட்டணம் சொற்பமாயிருந்த அந்த முதல் போட்டியில் எதிரிகள் பலரும் கற்றுக்குட்டிகளாக இருந்திருக்கலாம். ஆயினும் அச்சோதனை அவருக்கு அரிய பயிற்சியாக அமைந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தம் சீட்டிலேயே லயித்துக் கிடக்கும் மனத்தை எதிரே இருப்பவர்மேல் திருப்புவதற்கு இதைவிடக் கண்டிப்பான அப்பியாசம் வேறு கிடையாது.

ஆகவே என் தீர்ப்பு இது: போக்கரின் கட்டாய பிளைண்ட் ஆட்டத்தின் அஸ்திவாரம், மூன்று சீட்டின் பிளைண்ட் நியாயமான பேரம், கேளாமல் வைக்கும் ஸ்ட்ராடில் பெரும்பாலும் உற்சாகத்துக்குக் கொடுக்கும் காசு. வான் நியூமன் சொன்ன அந்த ‘அளவான கலவை’யை எப்படிக் கணக்கிடுவது என்பதை அடுத்த வாரம் ஒரு சிறு உதாரணத்தோடு பார்ப்போம், வாசகர்கள் காகிதமும் பென்சிலும் எடுத்துவைத்துக்கொண்டால் நல்லது.