கம்பியில்லா அட்டையும் திறந்த மென்பொருளும்

ஐந்தாறு ஆண்டுகள் உழைத்துவிட்ட மடிக்கணிப்பொறி ஒன்றில் லினக்ஸ் இயங்குதளம் புதிதாக நிறுவப்படுகிறது. திரை ஒளிர்கிறது, விசைப்பலகை பணிகிறது, ஒலிபெருக்கி ஒலிக்கிறது. வைஃபை ஒன்று மட்டும் வேலை செய்வதில்லை. அருகிலுள்ள கைபேசி அதே இடத்தில் அதே அலைகளைத் தடையின்றிப் பெற்றுக்கொண்டிருக்க, இந்தப் பொறி மட்டும் சுற்றுவட்டாரத்தில் எந்த வலையமைப்பும் இல்லையென்று அறிவிக்கிறது. அட்டை பழுதாகிவிட்டது என உடையவர் முடிவு கட்டுவது இயற்கையே. ஆனால் இத்தகைய சந்தர்ப்பங்களிற் பலவற்றில் அட்டையில் யாதொரு பழுதும் இருப்பதில்லை. அதனுடன் பேசுவதற்குரிய மொழியைக் கணிப்பொறி அறிந்திருக்கவில்லை என்பதே உண்மை. அம்மொழி ஏன் மறைந்திருந்தது, பின்னர் எவ்வாறு வெளிவந்தது என்பதை அறிந்துகொண்டால், அட்டையை வேலை செய்ய வைக்கும் முறையும் எளிதில் விளங்கும்.

அட்டையின் அமைப்பு

கம்பியில்லா அட்டை என்பது உண்மையில் ஒரு சிறிய வானொலி நிலையமாகும். அது செய்தியை அலைகளாக மாற்றி அனுப்பவும், வரும் அலைகளைக் கேட்டறியவும் வல்லது. இவ்வகைக் கருவிகள் யாவும் ஒன்றோடொன்று உரையாடும் பொருட்டு, 802.11 என்ற எண் கொண்ட பொது விதி 1997-ம் ஆண்டில் வகுக்கப்பட்டது. அன்று எட்டக்கூடிய உச்ச வேகம் வினாடிக்கு 2 மெகாபிட். 1999-ல் அது 11 மெகாபிட்டாகவும், 2003-ல் அதே அலைவரிசையில் 54 மெகாபிட்டாகவும் உயர்ந்தது. இவற்றுக்குப் பெரிதும் பயன்பட்ட 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டராகும்.

அட்டை இயங்க இரண்டு நிரல்கள் அவசியம். ஒன்று, கணிப்பொறியின் பிரதான செயலியில் ஓடும் இயக்கி. டிரைவர் என்று வழங்குவது இதுவே. அட்டைக்கு எப்போது என்ன கட்டளை இடவேண்டும் என்பதை இது அறியும். மற்றது, அட்டையிலேயே உள்ள சிறு செயலியில் ஓடும் நிலைபொருள். பர்ம்வேர் என்பது இதன் வழக்குப் பெயர்.

கணிப்பொறிக்குள்ளேயே ஆற்றல் மிக்க செயலி இருக்கையில் அட்டைக்குத் தனிச் செயலி எதற்கு என்ற ஐயம் எழலாம். காலமே அதற்குக் காரணம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு செய்தித் துண்டு வந்து சேர்ந்ததும், 'கிடைத்தது' என்ற மறுமொழியை அட்டை 10 மைக்ரோ வினாடி இடைவெளியில் அனுப்பத் தொடங்க வேண்டும். அதாவது ஒரு வினாடியின் லட்சத்தில் ஒரு பங்கு. நூறு வேலைகளை மாறி மாறிச் செய்துகொண்டிருக்கும் பிரதான செயலியிடம் கேட்டுப் பதில் பெற இவ்வவகாசம் போதாது. எனவே அட்டை தானே முடிவு செய்தாக வேண்டும்.

பழைய அட்டைகள் பலவற்றில் நிலைபொருள் அழியாத நினைவகத்தில் பதிந்திருந்தது. பின்னர் செலவைக் குறைக்கும் பொருட்டு அந்நினைவகம் நீக்கப்பட்டது. அதன் விளைவாக, மின்சாரம் நின்றதும் அட்டை யாவற்றையும் மறந்துவிடுகிறது. இரவில் பாடம் முழுவதையும் மறந்துவிடும் மாணவனுக்குக் காலைதோறும் புதிதாகக் கற்பிப்பதைப் போல, பொறி துவங்கும் ஒவ்வொரு முறையும் இயக்கியானது நிலைபொருளை வட்டிலிருந்து எடுத்து அட்டைக்குள் ஏற்ற வேண்டியுள்ளது. வட்டில் அக்கோப்பு இல்லாவிடில், இயக்கி சரியாக இருந்தும் அட்டை ஊமையாகவே இருக்கும்.

மறைத்து வைக்கப்பட்ட விவரங்கள்

பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991-ம் ஆண்டில் லினக்ஸ் கருவை வெளியிட்டார். எவரும் படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு அளிக்கவும் உரிமையுள்ள மென்பொருள் அது. அதன் இயக்கிகளுட் பெரும்பாலானவை கருவுடனேயே சேர்ந்து வருகின்றன. ஆயின் ஓர் இயக்கியை எழுதுவதற்கு, சிப்பின் எந்த முகவரியில் எந்த எண்ணை எழுதினால் என்ன நிகழும் என்ற விவரம் தேவை. பிராட்காம் ஸ்தாபனம் தன் கம்பியில்லா சிப்புகளைப் பற்றிய இவ்விவரங்களைப் பிரசுரிக்கவில்லை. அதன் சிப்புகளோ பல மடிக்கணிப்பொறிகளில் இடம் பெற்றிருந்தன.

இவ்வாறு விவரங்களை வெளியிடாமைக்கு உற்பத்தியாளர் தரப்பில் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று கவனிக்கத்தக்கது. வானொலி அலைகள் பொதுச் சொத்து. எந்த அலைவரிசையில் எவ்வளவு சக்தியுடன் ஒலிபரப்பலாம் என்பதை ஒவ்வொரு நாடும் சட்டத்தால் வரையறுக்கிறது. சிப்பின் நுட்பம் வெளியானால், எவரேனும் வரம்பை மீறி ஒலிபரப்பிப் பிற சேவைகளுக்கு இடையூறு விளைவிக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தது. இவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று.

இடைக்கால ஏற்பாடாக, விண்டோஸ் இயங்குதளத்திற்கென உற்பத்தியாளர் எழுதிய இயக்கியையே லினக்ஸிற்குள் ஓட்டும் என்டிஐஎஸ்ராப்பர் என்ற மென்பொருள் அக்காலத்தில் பலருக்கு உதவியது. ஆயினும் அது இரவல் வண்டியைப் போன்றது. பழுது நேர்ந்தால் திறந்து பார்க்க வழியில்லை.

சுவருக்கு இருபுறமும் இரு குழுவினர்

தொண்டர்களாகிய நிரலாளர்கள் மேற்கொண்ட வழி வேறு. அவர்கள் இரு குழுக்களாகப் பிரிந்தனர். முதற்குழு, இரும எண்களாக மட்டுமே வெளியாகியிருந்த பிராட்காம் இயக்கியை ஆராய்ந்து, அது சிப்புக்கு இடும் கட்டளைகளை ஒவ்வொன்றாகக் கண்டறிந்து சாதாரண நடையில் எழுதி வைத்தது. இரண்டாம் குழுவினர் மூல இயக்கியைத் தீண்டவே இல்லை. முதற்குழுவின் வர்ணனையை மட்டும் படித்து, தம் சொந்த நடையில் புதிய இயக்கியை எழுதினர். பதிப்புரிமை ஒருவர் எழுதிய எழுத்தைக் காக்கிறதேயன்றி, ஒரு பொருள் எவ்வாறு இயங்குகிறது என்ற உண்மையை எவருக்கும் உடைமையாக்குவதில்லை. ஆகவே இந்தப் பிரிவினை அவர்களுடைய நேர்மைக்குச் சான்றாகவும், சட்டப் பாதுகாப்பாகவும் அமைந்தது.

இம்முயற்சியின் பயன் 2006-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளியான லினக்ஸ் 2.6.17 பதிப்பில் சேர்க்கப்பட்டது. 2008 ஜனவரியில் வந்த 2.6.24 பதிப்பில், பி43 என்ற செம்மையான இயக்கி அதன் இடத்தைப் பெற்றது.

எனினும் நிலைபொருள் என்ற தடை நீங்கவில்லை. அதனை மறுபடி விநியோகிக்கும் உரிமை கிட்டாமையால், லினக்ஸ் வழங்குவோர் அதைத் தம் வட்டுகளிற் சேர்க்க இயலவில்லை. உபயோகிப்பவர் தாமே இணையத்திலிருந்து உற்பத்தியாளரின் இயக்கியை வருவித்து, பி43 எஃப்டபிள்யூகட்டர் என்ற கருவியால் நிலைபொருளை மட்டும் வெட்டியெடுத்து உரிய இடத்தில் வைக்க வேண்டியதாயிற்று. வைஃபை வேலை செய்ய இணையம் வேண்டும். இணையம் வர வைஃபை வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற பழமொழிக்கு இதனினும் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. பொறியியல் தீர்த்து வைத்த சிக்கலை உரிமப் பத்திரம் மீண்டும் முடிச்சிட்டது எனலாம். இத்தாலி நாட்டின் பிரெஷ்ஷா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இச்சிப்புகளிற் சிலவற்றுக்கு நிலைபொருளையே புதிதாக எழுதித் திறந்த முறையில் வெளியிட்டமை இவ்விடத்துக் குறிப்பிடத்தக்கது.

மனமாற்றம்

ஏதராஸ் ஸ்தாபனத்தின் சிப்புகளிலும் இத்தகைய வரலாறே நிகழ்ந்தது. அவற்றுக்கான லினக்ஸ் இயக்கியின் மையப் பகுதி மூடிய வடிவிலேயே வழங்கப்பட்டு வந்தது. ஓபன்பிஎஸ்டி என்ற மற்றொரு திறந்த இயங்குதளத்தைச் சார்ந்தோர் அப்பகுதிக்கு மாற்றாக ஒன்றைத் தாமே எழுதினர். அதனின்றும் தோன்றிய நிரலில் பதிப்புரிமை மீறல் ஏதுமில்லை என்று, அமெரிக்காவிலுள்ள மென்பொருள் விடுதலைச் சட்ட மையம் 2007-ம் ஆண்டில் ஆராய்ந்து தெரிவித்தது. அதன் வழிவந்த இயக்கி 2008 ஏப்ரலில் லினக்ஸில் இடம் பெற்றது. அதே ஆண்டு ஜூலையில் ஏதராஸ் தன் புதிய சிப்புகளுக்கான திறந்த இயக்கியைத் தானே வெளியிட்டது. 2013-ல் யு.எஸ்.பி. வகைச் சிப்புகள் சிலவற்றின் நிலைபொருளுக்குரிய மூல நிரலும் வெளிவந்தது. பிராட்காமும் 2010 செப்டம்பரில் தன் புதிய சிப்புகள் சிலவற்றுக்கான இயக்கியைத் திறந்த முறையில் அளித்தது.

அலை வரம்பு பற்றிய அச்சத்திற்கும் தீர்வு காணப்பட்டது. எந்த நாட்டில் எந்த அலைவரிசை, எவ்வளவு சக்தி என்பதைத் தொகுத்த அட்டவணை ஒன்று லினக்ஸ் அமைப்பிலேயே பேணப்படுகிறது. உபயோகிப்பவர் தம் நாட்டுக்குரிய ஈரெழுத்துக் குறியைத் தெரிவித்தால், கரு அவ்வரம்புக்குள்ளேயே அட்டையை இயக்கும். இந்தியாவில் 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைக் குறைந்த சக்திக் கருவிகளில் உரிமமின்றி உபயோகிக்க மத்திய அரசாங்கம் 2005-ம் ஆண்டில் விதி வகுத்தது. 13 வரையிலான தடங்கள் இப்பகுதியில் அடங்கும். அமெரிக்காவிலோ வழக்கமாக 11 தடங்களே உபயோகத்தில் உள்ளன. எனவே 12 அல்லது 13-ம் தடத்தில் இயங்கும் வலையமைப்பு ஒன்று கண்ணுக்குப் புலப்படவில்லையெனில், அட்டையைக் குறை கூறுமுன் நாட்டுக் குறி சரியாக உள்ளதா எனப் பார்ப்பது நலம்.

பழுதைக் கண்டறியும் முறை

நோயாளியின் நாடியைப் பார்க்காமல் மருந்து கொடுக்கும் வைத்தியரைப் போல, காரணத்தை அறியாமல் மென்பொருளை மாற்றி மாற்றி நிறுவுவதால் குழப்பமே மிஞ்சும். ஒழுங்கான வரிசையில் ஆராய்வது சிறந்தது.

முதலாவதாக, அட்டைக்குத் தடை ஏதும் உண்டா எனக் காண வேண்டும். மடிக்கணிப்பொறியின் விளிம்பிலோ விசைப்பலகையிலோ உள்ள விசையால் வைஃபை நிறுத்தப்பட்டிருக்கலாம். ஆர்.எஃப்.கில் என்ற கட்டளை இதனைத் தெரிவிக்கும்.

இரண்டாவதாக, அட்டை இன்னதென அறிய வேண்டும். எல்.எஸ்.பி.சி.ஐ. என்ற கட்டளையை எண்களையும் காட்டுமாறு பணித்தால், ஒவ்வொரு அட்டைக்கும் இரட்டை எண் கிடைக்கும். முதற்பகுதி சிப்பைச் செய்தவரையும், இரண்டாம் பகுதி சிப்பின் வகையையும் குறிக்கும். 14இ4 என்பது பிராட்காம். 168சி என்பது ஏதராஸ். 8086 என்பது இன்டெல். தன் புகழ்பெற்ற பழைய செயலியின் எண்ணையே இன்டெல் தன் அடையாளமாகக் கொண்டிருக்கிறது. பெட்டியின் மேல் அச்சிட்ட வணிகப் பெயரை நம்புவதைவிட இவ்வெண்ணை நம்புவதே மேல். ஒரே பெயரில் விற்கப்படும் அட்டைகளுக்குள் வெவ்வேறு சிப்புகள் இருப்பதுண்டு.

மூன்றாவதாக, டிமெசேஜ் என்ற கட்டளையால் கருவின் பதிவேட்டைப் படிக்க வேண்டும். நிலைபொருட் கோப்பு கிடைக்கவில்லை என்ற செய்தி அங்கு இருந்தால், இயக்கி உள்ளது, பாடம் மட்டுமே இல்லை என்று துணியலாம். கோப்பின் பெயரும் அங்கேயே காணப்படும். அதை வருவிக்கும் வரை கம்பி வழி இணைப்பையோ, யு.எஸ்.பி. கம்பியால் இணைத்த கைபேசியின் இணையத்தையோ உபயோகித்துக்கொள்ளலாம்.

நான்காவதாக, ஓர் அட்டைக்கு இரண்டு இயக்கிகள் போட்டியிடுகின்றனவா என நோக்க வேண்டும். பிராட்காம் தனியே வழங்கும் மூடிய இயக்கியும் பி43-ம் ஒரே பொறியில் ஏற்றப்பட்டால், அட்டை இரு எஜமானர்களிடம் சிக்கிய பணியாளனின் நிலையை அடையும். ஒன்றை விலக்கி வைத்தால் பெரும்பாலும் மற்றது ஒழுங்காகப் பணிபுரியும்.

இந்நாட்டுக்கு உரிய பயன்

இன்று இச்சிரமங்கள் வெகுவாகக் குறைந்துள்ளன. மறுவிநியோக உரிமையுள்ள நிலைபொருள்கள் யாவும் ஒரே களஞ்சியத்தில் தொகுக்கப்படுகின்றன. திறந்த நெறியை உறுதியாகப் பின்பற்றி வந்த டெபியன் அமைப்பினரும், மூடிய நிலைபொருள்களைத் தம் நிறுவல் வட்டிலேயே சேர்க்க 2022-ம் ஆண்டில் வாக்களித்தனர். 2023 ஜூனில் வெளியான 12-ம் பதிப்பு முதல் அது நடைமுறைக்கு வந்தது. கொள்கையில் ஓர் அடி பின்வாங்கியதாக இதனைக் கருதுவோரும் உண்டு. இணையமே இல்லாது தவிக்கும் புதியவருக்குக் கொள்கையால் பயனென்ன என்று கேட்போரும் உண்டு.

இந்தியாவில் உயர்நிலைக் கணிப்பு அபிவிருத்தி மையமான சி-டாக், டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் என்ற இயங்குதளத்தை 2007 முதல் வெளியிட்டு வந்துள்ளது. அரசாங்க அலுவலகங்கள் திறந்த மென்பொருளுக்கு முதலிடம் தரவேண்டும் என்ற கொள்கையை மத்திய அரசாங்கம் 2015-ல் அறிவித்தது. கேரளப் பள்ளிகளிலும் லினக்ஸ் பரவலாகக் கையாளப்படுகிறது. இத்தகைய இடங்களில் கணிப்பொறிகள் எளிதில் மாற்றப்படுவதில்லை. ஓர் அட்டைக்கு இயக்கி இல்லையென்ற ஒரே காரணத்தால் நல்ல நிலையிலுள்ள பொறி ஒதுக்கப்படுமாயின், அது பொதுப் பணத்திற்கும் மாணவர்க்கும் நேரும் நஷ்டமாகும்.

ஆகவே கருவிகளை வாங்கும் பள்ளிகளும் அலுவலகங்களும், விலையையும் வேகத்தையும் விசாரிப்பதோடு, அட்டையின் சிப்பு எது, அதன் இயக்கி லினக்ஸ் கருவிலேயே உள்ளதா, நிலைபொருளைத் தடையின்றி வழங்க உரிமை உண்டா என்ற மூன்று வினாக்களையும் கேட்பது நன்று. கொள்முதல் நாளில் இவற்றைக் கேட்டு விடை பெற்றுவிட்டால், ஐந்தாறு ஆண்டுகள் கழித்து அதே பொறியில் புதிய இயங்குதளத்தை நிறுவும் ஆசிரியருக்கு அட்டை உடனே பதில் கொடுக்கும்.